இருபதாம் நாள் மண்ணீரல்

போன மாதம், நான் கடைசியாக வேலை பார்த்த சென்னை ஆய்வுக்கூடத்துக்கு ஒரு நாள் போயிருந்தேன். ஓய்வு பெற்றவர்களை எப்போதாவது கூப்பிட்டு டீயும் போண்டாவும் கொடுப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என்னை எலிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். அவள் கையில் சிலேட்டு அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர்.

"இப்ப ரெஜிஸ்டரே கிடையாது மேடம். எதைப் பதிஞ்சாலும் தேதியையும் நேரத்தையும் இதுவே போட்டுக்கும். அப்புறம் யாராலயும் மாத்த முடியாது" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க காலத்துல தேதியை நீங்களேதான் எழுதுவீங்க, இல்ல? யாராவது தப்பா எழுதினா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள்.

"எழுதினவங்களே வந்து சொன்னாத்தான் உண்டு. நான் ஒரு தடவை எழுதியிருக்கேன்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்காகத்தான் இது.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்தொரு வயது. செஞ்சிக்கும் அனந்தபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேழ்வரகும் போடுகிற வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, குடும்பம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஒருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. என் அப்பா, நைனா, கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் கட்டைவிரலை நீட்டுவார். நான் சிஸ்டர்மார் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மெட்ராஸில் ஒரு வருடம் லேப் டெக்னீஷியன் படித்தேன். அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரத்தம், சளி, மைக்ராஸ்கோப், விடுதிச் சாம்பார். என் கையெழுத்தைப் பற்றி மட்டும் எல்லோரும் பேசினார்கள். என் நோட்டில் ஓர் அடித்தல் இருக்காது. அச்சடித்தது போல இருக்கிறதே என்று யாராவது சொன்னால், இல்லை, எழுதியதுதான் என்று தலையை நிமிர்த்திச் சொல்வேன். அந்தக் கர்வத்தை நான் இன்று மறைக்கப் போவதில்லை. அது எனக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. ஒரு தடவை என்னைக் கவிழ்க்கவும் பார்த்தது.

படித்து முடித்ததும் செஞ்சியிலேயே வேலை கிடைத்தது. டாக்டர் தணிகாசலம் என்பவர் ராஜகிரி மலைக்குக் கீழே ஒரு பழைய மல்லாட்டைக் கிடங்கில் எலி வைத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மெட்ராஸில் அவர் இருந்த இடத்தில் எலிகளுக்குக் கொள்ளைநோய் வந்து கூண்டு கூண்டாகச் செத்திருந்தன. நோய் தொடாத சில ஜோடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறு எலியின் மூச்சுப் படாத இடம் தேடி மாமனார் ஊருக்கு வந்துவிட்டார். கிடங்கின் தரை முழுக்கக் கருங்கல், கதவின் அடியில் தகரம், ஜன்னலுக்கு நெருக்கமான கம்பிவலை. எல்லாம் மல்லாட்டையை எலி தின்னாமல் இருக்கச் செய்தவை. எலி நுழைய முடியாத இடமாகப் பார்த்து நாங்கள் எலி வளர்த்தோம்.

நான் சேர்ந்த வாரமே நைனா பார்க்க வந்தார். வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, டாக்டர் வேலைன்னு சொன்ன. எலிக்குக் கோதும போடறாங்க?"

"ஆராய்ச்சி நைனா."

"நம்ம வூட்ல இருக்கற எலிக்கு நான் பொறி வெக்கறேன். நீ இங்க வந்து பாலூத்தி வளக்கற. இதுக்கா பத்து வருசம் படிச்ச?"

உள்ளேயிருந்து டாக்டர் சத்தமாகச் சிரித்தார். நைனாவுக்கு ஒரே வெட்கம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். அடுக்குகளின் கால்கள் ஒவ்வொன்றும் மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் நிற்கும். ஒரு நாள் டப்பா காய்ந்தாலும் எறும்பு ஏறிக் குட்டிகளைத் தின்றுவிடும். நெல் உமியை ஆவியில் வேகவைத்து உலர்த்திக் கூண்டில் பரப்ப வேண்டும். கோடையில் ஜன்னல்களில் கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிடுவோம். வெளியூர்க்காரர்கள் சாயங்காலம் குளிர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். செஞ்சியில் சாயங்காலம்தான் பாறைகள் பகல் வெயிலைத் திருப்பிக் கொடுக்கும். அந்த நேரத்துக்கு இரண்டாம் தடவை நனைக்க வேண்டும்.

எங்கள் எலிகள் எல்லாம் ஒரே வம்சம். பல தலைமுறையாக அண்ணனுக்கும் தங்கைக்கும் ஜோடி சேர்த்து வந்தவை. அதனால் ஓர் எலியின் செல்லை இன்னொன்றுக்கு ஊசி போட்டால் அந்த உடம்பு அதை வேற்றாளாக நினைக்காது. இதை எங்கள் ஊரில் சொன்னபோது, "ஐயையோ, பாவம்டி" என்று பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

டாக்டர் குரலை உயர்த்த மாட்டார். நாம் எதைச் சொன்னாலும், "பார்த்ததா, கேட்டதா?" என்பார். ஓர் எலி சுணங்கியிருக்கிறது என்று சொன்னால், சுணக்கம் என்றால் என்ன பார்த்தாய் என்று கேட்பார். முடி சிலிர்த்திருந்ததா, முதுகு வளைந்திருந்ததா, தண்ணீர்ப் புட்டி எவ்வளவு குறைந்திருந்தது? பதில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். திட்டமாட்டார். நாம் பார்த்துவிட்டு வரும்வரை பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அது திட்டைவிட மோசம். ரெஜிஸ்டர் விஷயத்தில் அவருக்கு ஒரே விதி. தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடி. கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்துப் போடு. எனக்கு அந்த விதி தேவைப்பட்டதே இல்லை.

மூன்றாவது ஆள் அப்பாண்டைராஜ் அண்ணன். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். நாற்பதை நெருங்கியவர். மைக்ராஸ்கோப்பில் செல்களை எண்ணுவதில் அவருக்கு ஈடு கிடையாது. சாயம் கலந்தால் செத்த செல் நீலமாகும், உயிருள்ளது நிறமில்லாமல் மின்னும். கோடு போட்ட கண்ணாடியின் ஒரு கட்டத்துக்குள் எத்தனை மின்னுகிறது என்று அவர் சொன்னால், மறுபடி எண்ண வேண்டியதில்லை. ஆனால் எலியைத் தொட மாட்டார். கொல்வது என் வேலை. கழுத்தின் பின்னால் பென்சிலை வைத்து அழுத்தி, வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. ஒரு நொடிக்கு மேல் ஆனால் அது நம் தப்பு என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். மண்ணீரலை எடுத்து, உப்புத் தண்ணீரில் வைத்து, மெல்லிய எஃகு வலையில் தேய்த்து, பால்போல வந்ததைக் குழாயில் ஊற்றி அடுத்த அறைக்கு அனுப்புவேன். அண்ணன் எண்ணுவார்.

டாக்டரின் கேள்வி இதுதான். கட்டி வந்த எலியின் உடம்பு அந்தக் கட்டியை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறதா? கற்றுக்கொண்டால், அதன் மண்ணீரல் செல்களைப் புதிய எலிக்குக் கொடுத்து, கூடவே கட்டியின் செல்லையும் போட்டால், அந்தப் புதிய எலியில் கட்டி சின்னதாக வளர வேண்டும். முதல் தடவை அவரே செய்தார். எலிகளுக்குக் கட்டியின் செல்லை ஊசி போட்ட ஒன்பதாம் நாள் அவற்றின் மண்ணீரலை எடுத்தார். கட்டிகள் சின்னதாகவே வந்தன. அவர் அன்று எங்களுக்கு ஓட்டலிலிருந்து ஜிலேபி வரவழைத்தார்.

ஒரு தடவை வந்ததை நம்பக் கூடாது. திரும்பச் செய்ய வேண்டும். அதற்குள் அவர் ஒன்றரை மாதம் பம்பாய் போக வேண்டி வந்தது. "நீ செய்துடுவ" என்று என்னிடம் விட்டுப் போனார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றைக்கே ரெஜிஸ்டரில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு, நடக்கப் போவதையெல்லாம் தேதியோடு மசியில் எழுதி வைத்தேன். ஒன்பதாம் நாள், மண்ணீரல் எடுத்தது. அதே நாள், ஊசி போட்டது. மூன்று நாளுக்கு ஒரு முறை அளந்தது. அளவுகளுக்கு மட்டும் இடம் காலி. பதினொரு வரி. ஃபிரேம் போட்டு மாட்டலாம்போல இருந்தது.

எட்டாம் நாள் அப்பாண்டைராஜ் அண்ணன் வந்து நின்றார்.

"தங்கச்சி, நாளைலேந்து எங்களுக்குத் தசலட்சண நோன்பு. பத்து நாளு."

"தெரியும்ணா. எண்ண மட்டும் வந்துடுங்க."

"அதான் கேக்கறேன். மத்த நாள்ல நீ அந்த ரூம்ல இன்னா பண்றன்னு நெனைக்காம எண்ணிடறேன். இந்தப் பத்து நாளு மட்டும் முடியலம்மா. தள்ளி வெச்சா எலி இன்னா ஓடியா பூடும்?"

நான் யோசித்தேன். டாக்டர் இல்லை. பொறுப்பு நான். அண்ணன் எண்ணாமல் நானே எண்ணினால் எண்ணிக்கை அவ்வளவு சுத்தமாக இருக்காது. தவிர, பத்து நாள் கூடுதலாகக் கட்டியோடு இருந்தால் எதிர்ப்பும் கூடத்தானே செய்யும்? சண்டை போடப் போடத்தான் கை பழகும். நல்லதுக்குத்தான் என்று முடிவு செய்தேன். "சரிண்ணா, உங்களுக்காக" என்றேன். ராணி உத்தரவு கொடுத்ததுபோல.

நோன்பு முடிந்து ஒரு நாள் விட்டு, அதாவது கட்டி போட்ட இருபதாம் நாள், மண்ணீரல் எடுத்தேன். அண்ணன் எண்ணினார். ஊசி போட்டேன். புது எலிகளின் வாலை வெந்நீரில் நனைத்து நரம்பு புடைத்ததும் மண்ணீரல் செல்லை ஒரே குத்தில் இறக்கினேன்; கட்டி செல்லை விலாவில் தோலுக்கடியில் போட்டேன். பிறகு ரெஜிஸ்டரைத் திறந்தேன். பதினொரு வரியிலும் தேதி தப்பு. பதினொன்றையும் அடிக்க வேண்டும். பேனாவை எடுத்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மூடி வைத்துவிட்டேன். தேதிதானே, அளவு உண்மையாக இருந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அளவுகளை அந்தப் பொய்த் தேதிகளுக்கு எதிரில் அழகாக நிரப்பினேன்.

அளவுகள்தான் தலைகீழாக வந்தன. வெறும் கட்டி செல் மட்டும் போட்ட கூண்டில் கட்டிகள் கொண்டைக்கடலை அளவு. கட்டியில்லாத நல்ல எலியின் மண்ணீரல் செல் கொடுத்த கூண்டிலும் அதே. இருபதாம் நாள் மண்ணீரல் செல் கொடுத்த, சின்னதாக இருக்க வேண்டிய மூன்றாவது கூண்டில், நெல்லிக்காய் அளவு. உதவி செய்ய அனுப்பிய செல்கள் கட்டிக்கு உதவி செய்துவிட்டு வந்ததுபோல.

டாக்டர் வந்து பக்கத்தைப் பார்த்தார்.

"ரெண்டாவது கூண்டும் மூணாவது கூண்டும் மாறியிருக்கா?"

"இல்ல சார். காதுல போட்ட அடையாளத் துளையைப் பார்த்துத்தான் அளந்தேன்."

அவரே போய் ஒவ்வொரு காதையும் பார்த்தார். மாறவில்லை. திரும்பி வந்து அப்பாண்டைராஜ் அண்ணனைக் கேட்டார். "இந்தத் தேதி உங்க நோன்புக்குள்ள வருதே. பட்டினியோட மைக்ராஸ்கோப்ல உக்காந்தீங்களா?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ரெஜிஸ்டரைப் பார்த்தார். அவருக்குத் தேதி தப்பென்று அந்தக் கணத்தில்தான் தெரிந்திருக்கும். "கண்ணு கொஞ்சம் தளர்ந்திருக்கலாம் சார்" என்றார்.

"குழாயை மாத்திட்டீங்க. இல்ல, எண்ணிக்கையை மாத்திட்டீங்க" என்றார் டாக்டர், அதே தாழ்ந்த குரலில். "நாளையிலிருந்து நீங்க எண்ண வேண்டாம். மெட்ராஸ்ல வேற ஆள் கேட்கிறேன். இந்தத் தடவை செய்ததையெல்லாம் தள்ளிடலாம்."

மத்தியானம் அண்ணன் குளத்துப் படியில் டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றேன்.

"ஏண்ணா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? பத்து நாளு நோன்பிருந்துட்டு பதினோராம் நாளு கோள் மூட்டவா?"

"உங்க வேலை போவுதுண்ணா."

"எனக்கு ஏரிக்குக் கீழ ஒரு ஏக்கரா நெலம் இருக்குது. உனக்கு இன்னா இருக்குது? போய் சாப்டு, போ."

எனக்கு என்ன இருந்தது? எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். நான் வேலையில் நிற்பதால்தான் நைனா அவர்களை மல்லாட்டை பிடுங்கக் கூப்பிடாமல் விட்டிருந்தார். படித்த பெண் பொய்க்கணக்கு எழுதித் துரத்தப்பட்டாள் என்றால் அந்த இரண்டு பேரும் மறுநாளே வயலுக்கு வருவார்கள். அண்ணன் சொல்லாமல் இருந்ததால் என்மேலேயே எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அவர் திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

மறுநாள் காலை டாக்டர் மேஜைக்கு எதிரே நின்றேன்.

"சார், அந்தப் பக்கத்துல தேதி எல்லாம் பொய். நான் முன்கூட்டியே எழுதி வெச்சது. மண்ணீரல் எடுத்தது நோன்புக்கு அப்புறம். அண்ணன் எண்ணினதுல தப்பு இல்ல."

அவர் பேனா மூடியைத் திறந்தார். "எத்தனாம் நாள்?"

"இருபதாம் நாள்."

"பார்த்ததா, கேட்டதா?"

"நான்தான் சார் கொன்னேன். பார்த்தது."

"ஏன் அடிச்சு எழுதல?"

பக்கம் கெட்டுவிடும் என்பதால் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். ரெஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். பதினொரு வரியையும் அவர் முன்னாலேயே அடித்து, சரியான தேதி எழுதி, பதினொரு கையெழுத்துப் போட்டேன். முடித்ததும் ரெஜிஸ்டரை எடுத்து அப்பாண்டைராஜ் அண்ணனின் மேஜையில் வைத்தார். "இனிமே இதை நீங்க எழுதுங்க" என்றார். தொடர்ந்து, "நேத்து உங்களைத் தப்பாப் பேசிட்டேன், மன்னிக்கணும்" என்று கையைக் கூப்பினார். அண்ணன் பதறி எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டார்.

என்னைப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு வெள்ளைத்தாளில் ஒன்பது என்று எழுதினார். கொஞ்சம் தள்ளி இருபது என்று எழுதினார். நடுவில் பென்சிலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஆக்னஸ், நீ பொய் எழுதினது ஒரு பக்கம். அதை நான் மறக்க மாட்டேன். ஆனா எலி பொய் சொல்லல. ஒன்பதாம் நாள் எதிர்த்த மண்ணீரல் இருபதாம் நாள் கட்டிக்கு வேலை செய்யுது. நடுவுல யார் வந்தது?"

திரும்பச் செய்தோம். இந்தத் தடவை ஒன்பதாம் நாள், பதினான்காம் நாள், இருபதாம் நாள் என்று மூன்று வகை மண்ணீரல், கூடவே நல்ல எலியினுடையது. எந்தக் கூண்டுக்கு எது என்று எனக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. குழாய்களுக்கு டாக்டர் தானே எண் ஒட்டி, விவரத்தை ஒரு உறையில் போட்டு அரக்கு வைத்துவிட்டார். என்னை நம்பாததால் என்றுதான் முதலில் குமைந்தேன். "என்னையும் நம்பலதான். எதிர்பார்க்கிற கண்ணு எதிர்பார்த்ததைத்தான் அளக்கும்" என்றார் அவர். அந்த வழக்கத்தை நான் ஓய்வு பெறும்வரை விடவில்லை.

ஊசி போட்ட பதினைந்தாம் நாள் கடைசி அளவு. நான் கட்டியின் குறுக்களவு பார்க்கும் காலிபரைப் பிடித்து எண்ணைச் சொல்ல, அண்ணன் எழுத, டாக்டர் கைகட்டி நின்றார். அளந்து முடித்ததும் உறையை உடைத்தார். இருபதாம் நாள் கூண்டில் நெல்லிக்காய்கள். பதினான்காம் நாள் கூண்டிலும் நல்ல எலியின் செல் போன கூண்டிலும் கொண்டைக்கடலை. ஒன்பதாம் நாள் கூண்டில் எல்லாம் சின்னது. என் தப்பில் வந்ததும் டாக்டர் செய்ததும் இரண்டும் உண்மை.

"உடம்புக்கு எதிர்க்கத் தெரியுது" என்றார் டாக்டர். "தெரிஞ்சும் நிறுத்திடுது. அந்த மண்ணீரல்ல கையைப் பிடிச்சு நிறுத்தற செல் ஏதோ இருக்கணும். அது யாருன்னு தெரிஞ்சா, கையை விடுன்னு சொல்லிப் பார்க்கலாம் இல்ல?"

அது என்ன செல் என்று எங்கள் கிடங்கில் கண்டுபிடிக்கவில்லை. அதற்கான கருவி எங்களிடம் இல்லை. பின்னால் எங்கெங்கோ யார் யாரோ தேடினார்கள். அடக்கும் செல் என்று பெயர் வந்தது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நடுவில் பெயர் போனது. வேறு பெயரில் திரும்பி வந்தது. இன்று அந்தப் பிடியைத் தளர்த்தும் மருந்துகளைப் பற்றிப் பிள்ளைகள் எனக்கு எடுத்துச் சொல்கிறார்கள். நான் தெரியாதவள்போலக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று உறையை உடைத்த பிறகு இன்னொன்று நடந்தது. அளக்கும்போது ஓர் எலிக்கு நான் அளவே சொல்லாமல் விட்டிருந்தேன், அது ஒன்பதாம் நாள் கூண்டினுடையது. காலிபரில் பிடிக்க எதுவும் இல்லை. மறுபடி எடுத்து விரலால் தடவினேன், அகப்படவில்லை. டாக்டர் வாங்கித் தடவினார். முடியை ஊதிப் பிரித்துப் பார்த்தார். கட்டி இல்லை. எலியைத் தொடாத அப்பாண்டைராஜ் அண்ணன் எழுந்து வந்து, ஒற்றை விரலை நீட்டி அதன் விலாவைத் தொட்டுப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றார்.

திட்டப்படி அன்று எல்லா எலிகளையும் கொன்று கட்டியை எடை போட வேண்டும். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தேன்.

"இதுக்கு எதை எடை போடுவ? இருக்கட்டும். எவ்வளவு நாள் இருக்குன்னு பார்ப்போம்" என்றார்.

தனிக் கூண்டில் வைத்தோம். வாரம் ஒரு முறை தடவிப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. அடுத்த வருடம் நோன்புக்கு முன்பே டாக்டர் அண்ணனிடம் தேதி கேட்டுத் திட்டம் போட்டார். அந்த வருடம்தான் ரெஜிஸ்டர் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. என் தங்கைகள் இருவரும் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினார்கள். அந்த எலிக்கு முடி உதிர்ந்து, முதுகு வளைந்து, நடை தளர்ந்தது. ஒரு நாள் காலையில் உமியில் சுருண்டு செத்துக் கிடந்தது. வயிற்றைத் திறந்து டாக்டரும் நானும் பார்த்தோம். எங்கேயும் கட்டியில்லை.

ரெஜிஸ்டரில் இறப்புக்குக் காரணம் என்று ஒரு பத்தி உண்டு. அதில் நான் எழுதி வந்த சொற்கள் இரண்டே இரண்டுதான், கட்டி அல்லது கொன்றது. அன்று 'முதுமை' என்று எழுதினேன்.